நாலு மூலையிலும் குப்பைத்தொட்டி

1974இல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள். புதிதாக வந்த கோச், வந்திருந்த பெண்களைக் கோட்டுக்குக் கோடு ஓடவிட்டார். ஓடினார்கள். மறுபடி என்றார். மறுபடியும் ஓடினார்கள். இன்னொரு தரம் என்றபோது நாலு பெண்கள் ஓடிய வேகத்திலேயே கோட்டைத் தாண்டி, படியேறி, வாசல் வழியாக வெளியே போனவர்கள்தான். திரும்பவே இல்லை.

கோச்சுக்கு வயது 22. அணியில் சிலருக்கு 21. மேற்படிப்புக்கு வந்த இடத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. இருந்த கோச் நீண்ட விடுப்பில் போய்விட, பொறுப்பு மொத்தமும் இவர் தலையில் விழுந்தது. சம்பளம் மாதம் 250 டாலர். வேன் ஓட்டுவது, ஜெர்சி துவைப்பது எல்லாம் அதில் அடக்கம். அந்த ஜெர்சியும் முந்தைய வருடம் டோநட் விற்ற காசில் வாங்கியது. ஒரு வெளியூர் மேட்சுக்கு முந்தின இரவு, எதிரணியின் ஜிம்மிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள்.

கோச்சின் பெயர் பேட் ஹெட். அதாவது ஹெட் கோச் ஹெட். 1980இல் கல்யாணமாகி, சம்மிட் என்ற சிகரம் பெயரில் வந்து ஒட்டிக்கொண்டது. பேட் என்றால் நமக்குக் கிரிக்கெட்தான். அம்மணிக்குக் கூடைப்பந்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் பட்டதில்லை.

முதல் மேட்ச்: மெர்சர் அணியிடம் 84க்கு 83 என்று தோல்வி. ஒரே ஒரு புள்ளி! அந்த ஒரு புள்ளிக்காக அடுத்த 38 வருடம் அமெரிக்காவில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை என்பதுதான் மீதிக் கதை.

பழி முழுவதையும் கோச் மேல் போடுவது நியாயமில்லை, வளர்ப்பு அப்படி. டென்னசியில் ஒரு பண்ணை, மூன்று அண்ணன்கள், கண்டிப்பே உருவான அப்பா. வைக்கோல் பரண்தான் மைதானம். அண்ணன்களோடு இடிபட்டுத்தான் பந்தைத் தொடவே முடியும். கிளார்க்ஸ்வில் பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்று தெரிந்ததும் அப்பா ரிச்சர்ட் ஹெட் மனு எழுதவில்லை, தர்ணா பண்ணவில்லை. அணி இருக்கிற ஊருக்கு வீட்டையே மாற்றிவிட்டார். கல்லூரிக் கடைசி வருடம் மகளுக்கு முழங்கால் போனது. இனி ஆட்டம் கஷ்டம் என்று டாக்டர் இழுக்க, அப்பா ஒத்துக்கொள்ளவில்லை: பையனாக இருந்தால் சரி செய்வீர்கள்தானே, இதையும் சரி செய்யுங்கள். செய்தார்கள். அதே முழங்காலோடு 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வாங்கினார். தங்கம் ஏன் இல்லை என்றால், சோவியத் அணியில் உலியானா செம்யோனோவா என்று ஒருவர் இருந்தார். உயரம் ஏழடி. அவருக்குக் கூடையில் பந்து போடுவது, நாம் அலமாரியில் டப்பா வைப்பது மாதிரி. 1984இல் கோச்சாகப் போய்த் தங்கத்தோடு வந்ததும்தான் அந்தக் கணக்கு தீர்ந்தது.

அந்தக் காலத்து டென்னசிப் பள்ளிகளில் பெண்களுக்கென்று தனிக் கூடைப்பந்து இருந்தது. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் இந்தப் பாதியில், மூன்று பேர் அந்தப் பாதியில். நடுக்கோட்டைத் தாண்டினால் தப்பு. பெண்ணின் மென்மையான உடம்பு முழு மைதானத்துக்குத் தாங்காதாம். அதே பெண்கள் விடியுமுன் மாடு கறந்து, புகையிலைக் கொல்லையில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தவர்கள். அப்போதெல்லாம் வராத மயக்கம் நடுக்கோட்டில்தான் வருமாம்! ஆறாள் ஆட்டம் ஆடிவிட்டு வந்தால் என் அணியில் இடமில்லை என்று கோச் மிரட்டினார். வழக்கும் நடந்தது. எழுபதுகளின் கடைசியில் அந்த ஆட்டம் ஒருவழியாகக் கண்ணை மூடியது.

கண் என்றதும் அவருடைய கண் ஞாபகம் வருகிறது. நீலம், பனிக்கட்டி ரகம். ஒரு முறை முறைத்தால் ஆறடிப் பெண்ணும் நாலடியாகிவிடுவாள். ஒருமுறை சிலர் விருந்து கொண்டாடிவிட்டு நள்ளிரவு தாண்டி வந்து படுத்தார்கள். மறுநாள் மைதானத்தின் நாலு மூலையிலும் குப்பைத்தொட்டி வைத்திருந்தது. எதற்கென்று, ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வயிறு பதில் சொன்னது. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குப் பின்னால் உட்காரக் கூடாது, கட் அடிக்கக் கூடாது என்றும் சட்டம். முழுக் காலமும் அவரிடம் ஆடிய அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். நம்மூர் அம்மாக்கள் கேள்விப்பட்டிருந்தால் பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில்லுக்கு டிக்கெட் போட்டிருப்பார்கள்.

இனி 1990 செப்டம்பர். கோச்சுக்கு நிறைமாதம். பென்சில்வேனியாவில் மிஷெல் மார்சினியாக் என்ற பெண் பிரமாதமாக ஆடுகிறாள், அவளைக் கல்லூரிக்கு இழுக்க வேண்டும். கோச் சின்ன விமானத்தில் கிளம்பினார். போன இடத்தில் வலி கண்டுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டிருப்பார்கள். இவர் எங்கள் கல்லூரியின் சிறப்புகளைப் பற்றி மீதியையும் பேசி முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். நடுவானில் வலி முற்ற, பைலட்டுக்கு வியர்த்தது. வர்ஜீனியாவில் இறக்கிவிடலாம் என்றார். வர்ஜீனியாவா? அந்த வருட தேசியப் போட்டியின் அரையிறுதியும் இறுதியும் நாக்ஸ்வில்லில், சொந்த மைதானத்தில் நடந்தது. அந்தச் சொந்தக் கல்யாணத்துக்கே போகவிடாமல், முந்தின சுற்றில் டென்னசியைத் தோற்கடித்தது வர்ஜீனியா. அந்த மண்ணிலா என் பிள்ளை பிறப்பது? ஓட்டு, நேராக வீட்டுக்கு. மகன் டைலர் சமர்த்தாகக் காத்திருந்து நாக்ஸ்வில்லில் பிறந்தான். அம்மா போட்ட முதல் உத்தரவு அதுதான் என்று நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு மார்சினியாக் என்ன செய்தார்? நோட்ர டாமில் போய்ச் சேர்ந்தார்! நல்லவேளை, பிற்பாடு மனசு மாறி டென்னசிக்கு வந்து 1996இல் தேசியப் பட்டமும் வாங்கித் தந்தார். இல்லாவிட்டால் அந்தப் பைலட்டின் சாபம் சும்மா விட்டிருக்காது.

தேசியப் பட்டங்கள் மொத்தம் எட்டு. 1997இல் சீசன் முழுக்கப் பத்து மேட்ச் தோற்றுவிட்டும் கோப்பையைத் தூக்கினார். அடுத்த வருடம் ஒன்றுகூடத் தோற்கவில்லை, 39க்கு 39. ஆண்கள் அணிக்கு வருகிறீர்களா என்று கேட்டபோது, அதை எதற்குப் பதவி உயர்வு மாதிரிச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். 250 டாலரில் தொடங்கிய சம்பளம் 2006இல் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பெண்கள் கூடைப்பந்தில் அந்தத் தொகையை முதலில் பார்த்தவர் அவர்தான். கனெக்டிகட் அணியின் ஜீனோ ஔரியெம்மாவோடு மட்டும் ஒத்துப்போகவில்லை. நாடே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த மோதல் அது. 2007இல் கோச் அந்த அணியோடு ஆடுவதையே நிறுத்தி, ஸ்கூல் பிள்ளை மாதிரி டூ விட்டுவிட்டார்.

2008இல் வீட்டுக்கு ஒரு ரக்கூன் வந்தது. பூனைக்கும் கரடிக்கும் நடுவில் ஏதோ ஒன்று, முகத்தில் திருடன் முகமூடி. வளர்ப்பு நாயைக் காப்பாற்ற அம்மணி நேரடியாகக் கையால் மோதியதில் தோள்மூட்டு நழுவியது. முறைத்துப் பார்த்திருந்தாலே போதும். ரக்கூனுக்கு அந்தப் பார்வையின் சரித்திரம் தெரியாதது யார் குற்றம்?

2011இல் டாக்டர்கள் அல்சைமர் என்றார்கள். வயது அறுபதுகூட ஆகவில்லை. அப்படியும் ஒரு சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்தார். பழைய ஆட்டக்காரி ஹாலி வார்லிக் பக்கத்தில் நின்று வேலையை வாங்கிக்கொண்டார். 1,098 வெற்றி, 208 தோல்வியோடு 2012இல் விலகினார். 2016இல் போய்ச் சேர்ந்தார்.

208ஆவது தோல்வியைத் தந்தது பேலர் அணி. அந்த வருடம் அவர்கள் ஒன்றுகூடத் தோற்காமல் 40க்கு 40 எடுத்தார்கள். இவருடைய 39ஐ விட ஒன்று கூடுதல். மேலே யாராவது விவரம் தெரியாமல் இதை அவர் காதில் போட்டிருந்தால், அங்கேயும் இந்நேரம் நாலு மூலையில் குப்பைத்தொட்டி வைத்திருப்பார்கள்.