அரைப் புள்ளி

கேள்வி: எங்கள் கழக லீக்கில் இரண்டு பேர் நாலு மணித்தியாலம் செஸ் விளையாடி, கடைசியில் சமநிலை என்று கை குலுக்கிவிட்டு எழும்பிப் போனார்கள். இதற்கா இவ்வளவு மினக்கேடு?
– ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: நாலு மணித்தியாலத்துக்கே அலுத்துவிட்டதா? 1984 செப்டெம்பரில் மொஸ்கோவில் கார்ப்போவும் கஸ்பரோவும் உலகப் பட்டத்துக்குக் குந்தினார்கள். முதலில் ஆறு ஆட்டம் வெல்பவருக்குப் பட்டம். கார்ப்போவ் ஐந்தோடு நின்றார். 48 ஆட்டத்தில் 40 சமநிலை! 1985 பெப்ரவரியில் போட்டியையே நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் ஆட்களிடம் மிஞ்சியது ஆளுக்கொரு பிஷப், ஒன்று வெள்ளைக் கட்டத்தில், மற்றது கறுப்பில் என்றால், விடிய விடிய நகர்த்தினாலும் இரண்டும் முட்டுப்படாது. கதைபேச்சில்லாத பக்கத்து வளவுக்காரர் மாதிரி.

அதைவிட, நாலு பலகைப் போட்டியில் 2–1 என்று முன்னுக்கு நிற்கும் அணிக்கு, சமநிலையில் கிடைக்கும் அந்த அரைப் புள்ளியே வெற்றி. கை குலுக்கினவர்களில் யார் சிரித்தது என்று பார்த்தீர்களா?