எட்டு எண்ணத் தெரியாதவன்

பெங்களூரின் மர்பி டவுன் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வேறு இரண்டு மர்பிகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஒன்று, குழந்தைப் படம் போட்ட தாத்தா காலத்து ரேடியோ. இன்னொருவர், கெட்டுப்போக வழியுள்ளது கெட்டே தீரும் என்கிற விதிக்குப் பெயர் கொடுத்த அமெரிக்க இன்ஜினியர். எங்கள் ஆள் இந்த இருவரும் இல்லை. கன்டோன்மென்ட் காலத்து எக்சிக்யூடிவ் இன்ஜினியர் டபிள்யூ. எச். மர்பி. 1920களில் உழைக்கிற ஜனங்களுக்காக அல்சூருக்குப் பக்கத்தில் திட்டம் போட்டுக் கட்டிய பேட்டை இது. முதலில் நாக்ஸ்பேட்டை, அப்புறம்தான் மர்பி. நான் டிஜே ஆன கதையில் மூன்று மர்பிக்கும் பங்குண்டு என்றாலும், விதிக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல்.

பழைய மெட்ராஸ் ரோட்டைத் தாண்டினால் இந்திராநகர். அங்கே டிஜேவுக்கு உயரமான மேடை, நீல வெளிச்சம், தண்ணீர் கொண்டுவர ஒரு பையன். இந்தப் பக்கம் எனக்குக் கிடைத்தது, கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தை ஒட்டி ஒரு மடக்கு மேஜை. தண்ணீருக்கு மட்டும் பஞ்சமில்லை.

பகலில் நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். செகண்ட் ஹேண்டில் ஒரு டிஜே கன்ட்ரோலர் வாங்கினேன். அதில் 'சிங்க்' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஓடுகிற பாட்டின் வேகத்துக்கு அடுத்த பாட்டு தானாக வந்து நிற்கும். அந்தக் கால ஆசாமிகள் இசைத்தட்டின் விளிம்பை விரலால் தள்ளியும் இழுத்தும், ஒரு காதில் ஹெட்போனை வைத்து வருஷக்கணக்கில் பழகிய வித்தை, எனக்கு ஒரே அழுத்தில் வந்துவிட்டது. மூன்றாவது வாரமே கல்லூரி நண்பன் ஒருவனின் ரிசப்ஷனுக்கு ஒப்புக்கொண்டேன்.

அங்கே ஹவுஸ் மியூசிக் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு டப்பாங்குத்தை ஏற்றினேன். திரையில் இரண்டுக்கும் ஒரே பிபிஎம், அதாவது ஒரே வேகம். ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தம், பித்தளைப் பாத்திரக் கடைக்குள் பெருச்சாளி புகுந்த மாதிரி. ஆடிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேரும் கையைத் தூக்கிய நிலையில் நின்று என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு வழியில்லை.

அன்றைக்கு வந்திருந்தவர்களில் எங்கள் மாமாவும் ஒருவர். நாற்பது வருஷம் தவில் வாசித்து வலது காது கொஞ்சம் மந்தமாகிப் போனவர். அந்த மந்தக் காதுக்கே என் வேலை எட்டிவிட்டது.

"இன்னாடா மாப்ள, ஒண்ணு தகதிமி, இன்னொண்ணு தகிட. ரெண்டையும் ஒரே வண்டியில பூட்டினா?"

"வேகம் ஒண்ணுதான் மாமா, திரையிலயே காட்டுது."

"வேகம் ஒண்ணுதான்டா. நடை வேற."

டிஜேத்தனத்தில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான பாடம் இதுதான். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே ஹவுஸ் மியூசிக் நான்காக உடைகிறது, டப்பாங்குத்து மூன்றாக உடைகிறது. தட்டுகள் சேர்ந்தே விழும். நடுவில் இருக்கிற சில்லறை ஒன்றையொன்று மிதிக்கும். சதுஸ்ரம், திஸ்ரம் என்று தவில்காரர் வீட்டுப் பிள்ளைகள் பல் முளைப்பதற்குள் தெரிந்துகொள்வதை, நான் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் மாமா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். டிஜே பாடங்களில் 32 தட்டு 32 தட்டாக எண்ணச் சொல்கிறார்கள். அந்த எல்லையில் வைத்துத்தான் பாட்டை மாற்ற வேண்டும், நடுவில் மாற்றினால் பேசிக்கொண்டிருப்பவர் வாயில் லட்டைத் திணித்த மாதிரி இருக்கும். எனக்கு எண்ணவே வரவில்லை. எட்டைத் தாண்டுவதற்குள் பாட்டை ரசிக்க ஆரம்பித்துவிடுவேன். அலுவலகத்தில் லட்சக்கணக்கில் கூட்டுகிறவன் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

மாமா சிரித்தார். வலது கையைத் தொடையில் தட்டினார். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. ஆதி தாளம், எட்டு. "இதையே நாலு ஆவர்த்தனம் போட்டா உன் முப்பத்திரண்டு. இதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டர்?" அன்றிலிருந்து கன்ட்ரோலரில் இடது கை, தொடையில் வலது கை. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கொசு கடிக்கிறது என்று நினைத்தார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக அடி வாங்கித்தான் தெரிந்தது. இரண்டு பாட்டின் பேஸும் ஒன்றாக ஒலித்தால் சாம்பாரில் ரசத்தை ஊற்றிய மாதிரிதான். ஒன்றின் குமிழைத் திருகி இறக்கிக்கொண்டே மற்றதை ஏற்ற வேண்டும். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தால் கச்சேரி களைகட்டுகிறது என்று நினைத்திருந்தேன். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஓடிவந்து, "தம்பி, சிவப்புக்குப் போனா என் ஸ்பீக்கர்தான் போகும்" என்று குமிழைத் தானே குறைத்தார். 80களின் பாட்டுகளில் சிங்க் பட்டனும் கைவிட்டது. ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து கையால் வாசித்த பாட்டுகள் அவை. சரணம் வந்தால் ஒரு இழை ஓடும், பல்லவிக்குத் திரும்பினால் மூச்சு வாங்கும். அங்கே ஹெட்போனும் விரலும்தான் கதி.

விரல் என்றதும் ஒரு கதை. நியூயார்க்கின் பிராங்ஸில் 1970களின் நடுவில் தியோடர் என்றொரு பையன் வீட்டில் பாட்டை அலறவிட்டிருக்கிறான். அம்மா வந்து திட்ட, ஓடுகிற இசைத்தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி, திட்டு முடிகிற வரைக்கும் அப்படியும் இப்படியும் அசைத்திருக்கிறான். அந்தச் சர்ர்க் சர்ர்க்தான் ஸ்க்ராட்ச் என்கிற வித்தையாக வளர்ந்தது என்பார்கள். என் அம்மாவும் கதவைத் தட்டித் திட்டியிருக்கிறார். அதில் எந்தக் கலையும் பிறக்கவில்லை. கன்ட்ரோலர்தான் பரணேறி இரண்டு மாதம் இருந்தது.

அதைப் பரணிலிருந்து இறக்கியது அக்கா மகளின் மஞ்சள் நீராட்டு விழா. சீர்த்தட்டு தூக்க வேண்டிய தாய்மாமன் மேஜைக்குப் பின்னால் நிற்கக்கூடாது என்று ஒரு கட்சி. டிஜேவுக்குக் கொடுக்கிற காசு மிச்சம் என்று இன்னொரு கட்சி. காசு ஜெயித்தது.

இந்த முறை நான் திரையைப் பார்ப்பதை விட்டு ஜனங்களைப் பார்த்தேன். முன்வரிசை அத்தைகள் காலாட்டுகிறார்களா? பாட்டிகளுக்கு எம்ஜிஆர், சம்பந்தி வீட்டுக்குத் தெலுங்கு, பக்கத்து வீட்டுக் கவுடர் அங்கிளுக்கு ராஜ்குமார். பெங்களூரில் நான்கு மொழி மாறாமல் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவன் யாரும் எனக்குத் தெரியாது. "பந்தி போட்டாச்சு" என்று யாரோ மைக்கில் சொன்னதும் எப்பேர்ப்பட்ட டிஜேயின் மேடையும் காலியாகிவிடும். பழைய எனக்கு அது அவமானம். இப்போது மாமா முன்பே சொல்லியிருந்தபடி மெலடிக்கு இறங்கி, குத்தையெல்லாம் கைக்குள் வைத்துக்கொண்டேன். முதல் பந்தி எழுந்து வெற்றிலையோடு வந்த நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கவுடர் அங்கிள் கர்ச்சீப்பை வாயில் கடித்துக்கொண்டு ஆடினார்.

கடைசிப் பாட்டுக்கான மாற்றத்தை ஒரு வாரம் பழகியிருந்தேன். திஸ்ரத்துக்குத் திஸ்ரம். பேஸ் ஒரு பக்கம் இறங்கியாயிற்று. தொடையில் நான்காவது ஆவர்த்தனம். இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

சத்தம் நின்றது. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைக் காட்டினார். மணி பத்து. இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அண்ணன் ஏற்கனவே ஒருமுறை ஸ்டேஷன் வரைக்கும் போய்வந்தவர்.

மண்டபமே திகைத்து நிற்க, முதல் வரிசையில் மாமா மட்டும் நாற்காலிக் கையில் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார். வீச்சு. தட்டு. வீச்சு. "முப்பத்திரண்டு" என்றார். "பாக்கி வெச்சிட்டுப் போகக் கூடாதுடா மாப்ள."

அப்புறம் அவரும் நானும் கடைசிப் பந்திக்குப் போனோம். பிரியாணி தீர்ந்து தயிர்ச்சாதம் இருந்தது.