கடைமடைக்குத் தண்ணி வருமா கண்ணு?

வா கண்ணு, திண்ணையில உக்காரு. பிக்கப்புல வீடே கட்டீட்டயாமா? மெத்தை, விசிறி, லைட்டு, அதோட ஒரு பிரிஜ்ஜு வேற. எங்க போற? ஊட்டிக்கு. ஏஞ்சாமி, மார்கழிக் குளுருல ஊட்டிக்குப் போறவன் பிரிஜ்ஜு கொண்டுட்டுப் போவானா? மோர்ச் சட்டிய ராத்திரி வண்டிக்கு வெளிய வெச்சாப் போதாதா?

நம்ம மேட்டுப்பாளையத்துல கேம்பருன்னா மகேந்திரா வண்டி. முன்னால ஆளு, பின்னால வாழைத்தாரு. நீ சொல்ற கேம்பரு வேறயாமா. இருந்துட்டுப் போகுது.

பிரிஜ்ஜுக்குன்னு ரெண்டாவது பேட்டரின்னா என்னமோ அமெரிக்காக்காரன் நேத்துக் கண்டுபுடிச்சாப்புலப் பேசற. நான் ரேடியோ செட்டுக் கட்டுன காலத்துல நோம்பிக்கு ஜீப்புல தனிப் பேட்டரி வெச்சுத்தான் போவம். ஒருக்கா சோம்பேறித்தனத்துல வண்டிப் பேட்டரியிலயே கொழாயைக் கட்டீட்டேன். ராவு முச்சூடும் அம்மன் பாட்டு. விடிஞ்சு தொறப்புக்குச்சியத் திருப்புனா செல்ஃபு 'டிக்'குங்குது, அம்புட்டுத்தான். பூசாரியும் பூக்காரம்மாளும் சேந்து தள்ளுனாங்க. அன்னைக்கு வந்த புத்தி: கன்னுக்குட்டிக்கு விட்ட காம்பைக் கறக்கப்படாது.

ரெண்டு பேட்டரியையும் சும்மா கோத்து உட்டா அது கூட்டுக் குடும்பம். ஒருத்தன் பிரிஜ்ஜு ஓட்டுவான், விடிஞ்சா ரெண்டு பேருமே பட்டினி. அதுக்குத்தான் நடுவுல ரிலே. வித்தையொண்ணும் இல்ல, மடைப்பலகை. என்ஜின் ஓடி 13.3 வோல்ட்டு தாண்டுனா பலகை தூக்கிக்கும். நிறுத்தி 12.8-க்கு எறங்குனா சாத்திக்கும்.

கூத்தே ஒயர்லதான். பேட்டரி எத்தனை சதம்னு செல்போனுல காட்டற பொட்டியெல்லாம் வாங்கி வெச்சிருக்க. ஒயரு மட்டும் வீட்டு வயரிங்ல மிஞ்சுன 2.5 சதுர மில்லி! பவானிசாகர்ல எத்தனை தொறந்து உட்டாலும், 200 கிலோமீட்டர் கீழ்பவானி வாய்க்கால்ல கண்ணைக் கசக்கறவன் ஆரு? கடைமடைக்காரன். உன்ற வண்டிக்குப் பின்னால இருக்கற பேட்டரி கடைமடை. போக 5 மீட்டர், வர 5 மீட்டர். அந்த நூலு ஒயர்ல 30 ஆம்பியர் போனா 2 வோல்ட்டு வழியிலயே காணாமப் போயிரும். 14.2-ல கெளம்பி 12.2-ல போய்ச் சேந்தா பேட்டரி நெறையுமா? நீ செல்போன்ல எந்தச் சதத்தைப் பாக்கப் போற? 16 சதுர மில்லி போடு, அரை வோல்ட்டுக் கூடப் போகாது.

பியூசு ஒண்ணு போதும்னயாமா? வாய்க்காலுக்கு ஒரு தலையிலதான் தண்ணி. இதுக்கு ரெண்டு தலையிலயும் கெணறு. நடுவுல ஒயரு தேஞ்சு பாடியில ஒரசுனா ரெண்டும் சேந்து பத்த வைக்கும். பேட்டரிய ஒட்டுனாப்புல அக்கட்ட ஒண்ணு, இக்கட்ட ஒண்ணு. பியூசு வெல எத்தன? உன்ற வண்டி வெல எத்தன?

லித்தியம் வாங்கோணும்னு வேற ஆசை. நல்ல சாமான்தான். ஆனா அது சும்மா கெடக்கறப்பவே 13.3 காட்டும். ரிலே பாவம், என்ஜின் ஓடுதுன்னு நெனச்சு மடையத் தொறந்தே வெச்சுக்கும். அதோட குடுக்கக் குடுக்கக் குடிக்கும். கல்லாறுல ஊட்டிக்கு இ-பாஸ் பாக்கற வரிசையில வண்டி நின்னுட்டே உறுமறப்ப டைனமோ விசிறியும் மெல்லத்தான் சுத்தும். சூடேறி வெந்துரும். அதுக்கு டிசி-டிசி சார்ஜர்னு ஒண்ணு இருக்குது. 20, 30 ஆம்பியர்னு அளந்துதான் ஊத்தும். காசு செலவழிக்கறதுன்னா இதுக்குச் செலவழி, நான் வாய் தொறக்க மாட்டேன்.

கணக்கும் பெருசில்ல. 25 ஆம்பியர் வீதம் ரெண்டு மணி நேரம் மலையேறுனா 50 ஆச்சு. ராவுக்குப் பிரிஜ்ஜு 30 தின்னாலும் மிச்சந்தான்.

ஆமா, அந்தப் பிரிஜ்ஜுக்குள்ள என்னதான் வெக்கப் போற? தண்ணி பாட்டலா? அதை வழியிலயே குடிச்சுட்டு, வாரப்ப எனக்கு ரெண்டு கிலோ ஊட்டி கேரட்டு போட்டுட்டு வா.