நல்ல ஒயர் வித்தா கடை வெளங்காதுலே

என்னலே பேராண்டி, காருக்கும் வள்ளத்துக்கும் கரண்டு ஒயர் விக்குதேன்னு தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் கடை போட்டிருக்கியாமே! சந்தோசம். நாலு புத்தி சொல்லுதேன், காசு கேக்க மாட்டேன்.

மொதல்ல, நல்ல சரக்கக் கடைக்குள்ள ஏத்தாத. ஒவ்வொரு இழைக்கும் ஈயம் பூசின செம்பு ஒயர் இருக்கு பாரு, அத ஒருத்தன் வாங்கிட்டுப் போனாம்னா வள்ளத்த விக்குத வரைக்கும் ஒன் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான். வெறுஞ்செம்பு குடு. உப்புத்தண்ணி நுனியில தொட்டு, இழைக்கு நடுவுல ஊறி உள்ளகூடி ஏறும். மொதல்ல கறுக்கும், அப்புறம் பச்சை பூக்கும். மேல்தோலு புதுசாட்டம் மினுங்கும், உள்ள கம்பி பொடிஞ்சு கெடக்கும். புளி கரைக்குத பித்தளைச் சட்டிய ஈயம் பூசாம ஒன் ஆச்சி அடுப்புல ஏத்துவாளா? அவளுக்கென்ன, அவ வியாபாரமா செஞ்சா!

இன்னும் லாவம் வேணும்னா, அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம் போட்டு ஒண்ணு வருது. பாக்க அசல் செம்பேதான். தூக்குனாத்தான் கனம் இருக்காது. செம்பு 100 கடத்துத எடத்துல அலுமினியம் 61 கடத்தும், அதெல்லாம் யாரு அளக்கா? ஆனா மடியில கத்தி வச்சிருக்கவன மட்டும் உள்ள விடாத. இழையச் சுரண்டினா வெளிய சிவப்பு, உள்ள வெள்ளை, மானம் போயிரும். ஈயம் பூசினது நேர்த் தலைகீழு: வெளிய வெள்ளை, உள்ள சிவப்பு. இது ரெண்டும் தெரியாதவந்தான் ஒனக்கு ஏத்த கிராக்கி.

வாறவங்கிட்ட, "பேட்டரிக்கும் லைட்டுக்கும் எம்புட்டு தூரம்?"னு கேட்டுராத. அது தொழில் தெரிஞ்சவன் கேக்குத கேள்வி. மீட்டர் என்ன வெலைன்னு அவன் கேப்பான், சொல்லி அனுப்பு. 120 வாட் லைட்டு, வீட்டு 240 வோல்ட்டுல அரை ஆம்பியர்தான் இழுக்கும். வள்ளத்து 12 வோல்ட் பேட்டரியில அதுவே 10 ஆம்பியர். பேட்டரி அமரத்துல, லைட்டு 5 மீட்டர் தள்ளி அணியத்துல. போக அஞ்சு, வர அஞ்சு. நீ 1.5 எம்.எம். ஒயரக் குடுத்தேன்னா அது வழியிலயே ஒரு வோல்ட்டுக்கு மேல தின்னுரும். குண்டு பல்புக்கு வோல்ட்டு பத்துல ஒரு பங்கு கொறஞ்சா வெளிச்சம் பத்துல மூணு பங்கு போயிரும்லே. அவன் பல்புக்காரனத் திட்டிக்கிட்டே அடுத்த பல்பு வாங்குவான். அதையும் நீயே வாங்கி வச்சு வித்துக்கோ. 6 எம்.எம். குடுத்திருந்தா 0.3 வோல்ட்டோட போயிருக்கும். ஒனக்கெதுக்கு அந்தப் புண்ணியம்?

பியூஸ் கேட்டா லைட்டுப் பக்கத்துல மாட்டச் சொல்லு. பியூசு காப்பாத்துதது ஒயர, அது பேட்டரிய ஒட்டி இருந்தாத்தான் ஆவும்ங்கத வெளிய விட்டுராத. நடுவழியில தோலு உரசி ஷார்ட் ஆனா, அந்தக் கடைசியில இருக்க பியூசுக்குத் தகவலே போவாது.

காருக்காரங்கிட்டதான் ஒனக்கு நட்டம். தகர உடம்பே மைனஸ் ஆயிருதுனால பாதி ஒயரு மிச்சம் அவனுக்கு. பைபர் வள்ளத்துக்கு அந்தச் சொத்து கெடையாது, ரெண்டும் இழுத்தே ஆவணும். இந்த டிசைன் படிச்ச புள்ளைக வேற, காரு மூக்கையும் முழியையும் மாசக்கணக்கா வரைஞ்சிட்டு, ஒயர் எந்த வழியா போவும்னு கடைசியில கேக்கும். தெறந்து தெறந்து மூடுத கதவுக் கீல்ல மடங்கி மடங்கி ஒயரு அங்கதாம்லே அறும். அந்தப் புள்ளைகளுக்கு வருசா வருசம் பொங்கலுக்கு ஒரு கரும்புக்கட்டு அனுப்பு.

டெஸ்லாக்காரன் மட்டும் ஒனக்கு எதிரி. 2023ல வந்த சைபர்ட்ரக்குல 48 வோல்ட்டுக்குப் போயிட்டான். வோல்ட்டு நாலு மடங்கு, கரண்டு கால் பங்கு, ஒயரும் மெலிசு. செம்பு வியாபாரி வயித்துல அடிக்கான்னு அவன்மேல கேசு போடு, சாட்சிக்கு நான் வாரேன்.

சரி, வெயில் ஏறுது. நம்ம வள்ளத்துல அணியத்து லைட்டு மங்கலா எரியுது. ஈயம் பூசினது, 6 எம்.எம்., 10 மீட்டர் வெட்டி வையி. கத்தி நானே கொண்டாரேன்.