நகராத ஏசியும் நகரும் தீப்பெட்டியும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வு என்றால் கருதுகோள் வேண்டும் என்பது மரபு. முடிவுரையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்பக் கருதுகோளைத் தைக்கவேண்டும் என்பதும் மரபே. அவ்வகையில் இக்கட்டுரையின் கருதுகோள் வருமாறு: ‘போர்ட்டபிள்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு வரும் ஏசி, இறக்கிவைத்த இடத்தை விட்டு நகராது, ஆபத்துக்கு உதவும் என்று ஓரிடத்தில் வைத்த தீப்பெட்டி, அவ்விடத்தில் இராது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார் இதுகாறும் எவருமிலர். எனவே ஓர் ஆய்வு இடைவெளி உளதாகிறது. இடைவெளி கண்ட இடத்தில் ஒரு முனைவர் பட்டத்தைச் செருகுவது நம் பல்கலைக்கழகங்களின் வழக்கம். இங்கே செருகப்படவிருப்பது தெர்மாகோல். அது பின்னர்.

ஆய்வெல்லை சென்னை மாநகரம். காலம், கத்திரி வெயில் முதல் டிசம்பர்ப் புயல் வரை. மே மாதத்தில் ஏசிக் கடையில் நிற்பவர்களும் டிசம்பரில் மெழுகுவர்த்திக்காகக் கடை கடையாக ஏறி இறங்குபவர்களும் ஒரே மக்களே என்பது களப்பணியில் தெரியவந்தது. மே மாதத்தில் மெழுகுவர்த்தி கேட்பாரற்றுக் கிடக்கும். டிசம்பரில் ஏசிக்குத் தள்ளுபடி கிடைக்கும். இதை அனைவரும் அறிவர். மாற்றி வாங்கினார் ஒருவரைக்கூடப் பேட்டி காண இயலவில்லை.

வரலாற்றுப் பின்புலம் இல்லாவிட்டால் தேர்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அதையும் சொல்லிவிடலாம். பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். அமெரிக்கக் குளங்களில் வெட்டியெடுத்த பனிக்கட்டி, மரத்தூளில் பொதியப்பட்டு, மாதக்கணக்கில் கடலில் வந்தது. அந்த வாணிகத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்ததே ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். ஏசிக் கடையில் ‘ஒரு டன்னா, ஒன்றரை டன்னா’ என்று கேட்கிறார்களே, அந்த டன்னும் ஐஸ் காலத்து மிச்சந்தான். 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு. எந்திரத்தின் எடை ஒரு டன் என்று பொருள் கொள்வது பிழை. (மாடிக்குத் தூக்கிவந்த ஆட்கள் இக்கருத்தோடு உடன்படவில்லை.) கண்டம் விட்டுக் கண்டம் நகர்ந்த குளிர் என்று சான்றோடு நிறுவத்தக்கது டியூடரின் ஐஸ் ஒன்றே.

இனி வகைப்பாடு. ஏர்கூலர்: கடலோரக் காற்றில் முன்பே ஈரம் மிகுந்திருப்பதால் புழுக்கத்தைத்தான் கூட்டும். இரட்டைக் குழாய் ஏசி: நம் கடைகளில் அரிது, ஆகவே இதுபற்றிக் கட்டுரைகள் மிகுதியாக வரும். ஒற்றைக் குழாய் ஏசி: வீட்டுக்கு வருவது இதுதான்.

சுவரில் மாட்டும் ஏசியில் சூட்டைக் கக்கும் பாகம் வெளியே தொங்கும். போர்ட்டபிளில் அதுவும், கம்ப்ரசரும், கம்ப்ரசரின் உறுமலும் நம்மோடு அறைக்குள்ளேயே குடியிருக்கும். சூட்டை ஒரு பருத்த குழாய்வழி ஜன்னலுக்கு வெளியே தள்ளவேண்டும். தள்ளப்படும் காற்று நாம் குளிர்வித்த அறையின் காற்று. அது வெளியேற வெளியேற, கதவிடுக்கு வழியே தெருவின் காற்று உள்ளே வந்து ஈடுசெய்யும். மின்கட்டணம் செலுத்தி மே மாதத்தை வீட்டுக்குள் அழைப்பது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். அமெரிக்க எரிசக்தித் துறை 2016இல் வகுத்த புதிய சோதனை முறை இந்த இழப்பையும் கணக்கில் சேர்த்தது. அதன்பின் அங்கே ஒரே பெட்டியின்மேல் இரண்டு எண்கள் அச்சாகின்றன: பழைய முறையில் 14,000 பி.டி.யு. என்றிருப்பது, புதிய முறையில் 10,000 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். நம்மூர் விற்பனையாளர் பெரிய எண்ணையே பாடுவார். இதற்குச் சங்க இலக்கியச் சான்று இன்னும் கிட்டவில்லை; அடுத்த கருத்தரங்குக்குள் யாரேனும் கண்டெடுத்துவிடுவர்.

இப்போது ஆய்வின் உயிர்நிலை: ஜன்னல்.

பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் பலகை நகர்த்துக் கதவுள்ள ஜன்னலுக்கென அளவெடுத்தது. நம் ஜன்னலோ வெளிப்புறம் திறப்பது. உட்புறம் கிரில் கம்பி. இரண்டுக்கும் நடுவே கொசுவலை. குழாயின் வாய் கம்பி இடைவெளியைவிடப் பெரிது. கம்பியை அறுத்து, கதவைத் திறந்து, குழாயை நீட்டியபின் சுற்றிலும் எஞ்சும் இடைவெளியை எதனால் அடைப்பது? இவ்வினாவில் அறிஞருலகம் மூன்றாகப் பிளந்து கிடக்கிறது.

அட்டை மரபினர், ஏசி வந்த அட்டைப்பெட்டியையே வெட்டி அடைக்கலாம் என்பர் (காண்க: எதிர்வீட்டார், பால்கனி உரை). முதல் மழையில் அட்டை ஊறித் தொங்கவே, இவர்களே பின்னர் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர் (மேற்படியார், திருத்திய இரண்டாம் பால்கனி உரை, இடி இடித்ததால் பாதியில் நின்றது).

லுங்கி மரபு தொன்மையானது. பழைய லுங்கியை முறுக்கித் திணித்தால் போதும் என்பது இதன் சாரம். ஆனால் ‘பழைய’ என்பதன் எல்லை யாது? உடுப்பவர் புதியது என்று கருதும் லுங்கியைத் துவைப்பவர் பழையது என்று கருதுவதால் தோன்றும் பூசல் இங்கு விரிக்கின் பெருகும் (மூன்றாம் மாடி மாமி, மாவரைக்கும்போது அருளியது, அவர்தம் எலக்ட்ரீஷியன் வாய்மொழிவழி, கிரைண்டர் ஓசையால் சிதைந்த இடங்கள் புள்ளியிட்டுக் காட்டப்பட்டுள்ளன, அப்புள்ளிகளையே முதன்மையாகக் கொள்ளவேண்டும் என்பார் மாமியின் கணவர்).

மூன்றாவது தெர்மாகோல் மரபு. இதற்கு அரசுமுறைச் சான்றே உண்டு. 2017 ஏப்ரலில் வைகை அணை நீர் ஆவியாகாமல் தடுக்க அமைச்சர் முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகள் மிதக்கவிடப்பட்டன, காற்றடித்ததும் கரையொதுங்கின. ஜன்னல் ஆய்வாளர் இதிலிருந்து கொள்ளவேண்டிய செய்தி ஒன்று: பொருளில் குறையில்லை, அகலமான ஒட்டுநாடா வேண்டும். டியூடரின் மரத்தூளுக்கும் தெர்மாகோலுக்கும் உள்ள உறவைப் பெரும்படம் வரைந்து விளக்கியவர் இஸ்திரி வண்டிக்காரர் (அவரது கரித்துண்டுச் சுவரோவியம், கிழக்குப் பக்கம், ‘இங்கு நோட்டீஸ் ஒட்டாதே’ என்ற வாசகத்துக்குக் கீழ், வெள்ளையடிக்கப்பட்டது, வெள்ளை உரிந்தபின் மீண்டும் படிக்கப்பட்டது, ‘தெர்மா’ என்பது ‘தர்மா’ என்றும் பாடபேதம்). அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் இவ்விவாதம் நடந்தபோது துபாயிலிருந்து ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினார். அக்கணமே அது பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆயிற்று. இதைவிட மெலிந்த காரணத்தால் அப்பெயர் சூடிய கருத்தரங்குகளை நாம் அறிவோம்.

அடைத்து முடித்த பின் ஏசியை அடுத்த அறைக்கு உருட்டலாமா? சக்கரம் இருக்கிறது. ஜன்னல் கூடவே உருண்டு வருவதில்லை. கருதுகோளின் முற்பாதி மெய்ப்பிக்கப்பட்டது.

பிற்பாதிக்கு வருவோம். மின்சாரம் போனதும் ஏசி, மேலே துணி மடித்துவைக்க உதவும். இன்வெர்ட்டரில் ஓட்டலாமே என்பார்க்குக் கணக்கு: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் ஏட்டளவில் இருப்பது 1,800 வாட்-மணி. ஒரு டன் போர்ட்டபிள் 1,000 வாட்டுக்கு மேல் கேட்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் கீச்சென்று ஒலித்து நின்றுவிடும். அதே பாட்டரி 35 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறியை இரவு முழுதும் சுழற்றிவிட்டு மறுநாளும் தெம்பாக இருக்கும். ஏசித் தண்ணீரைப் பாட்டரிக்கு ஊற்றலாம் என்றொரு கொள்கை புழக்கத்தில் உள்ளது. ஏசியின் உலோகத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும் நீர் அது. வீடு துடைக்க ஆகும், பாட்டரிக்கு ஆகாது.

ஆபத்துக்காலச் சேமிப்புக்கு மூலநூல்கள் மூன்று, மூன்றும் புயல் அல்லது வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுப் பத்திரமும் சான்றிதழும் ஊறிப்போய், நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. அன்று முதல் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை மூலபாடத்தில் சேர்ந்தது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்தபோது பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாகி ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. கையில் பணமில்லை, கார்டு தேய்க்க மின்சாரமில்லை. எனவே நூறும் ஐம்பதுமாகக் கொஞ்சம் பணம், அரிசி டப்பாவிலாவது இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பால் பாக்கெட்டின் அருமையை உணர்த்தியது. பால்மாவு வாங்கி வைக்கலாம். குடிநீர், ஒரு வாரத்துக்கான மருந்து, குளோரின் மாத்திரை, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க்: இவற்றில் கருத்து வேறுபாடு இல்லாததால் ஆய்வுக்குரியன அல்ல. டார்ச்சின் செல்லைக் கழற்றித் தனியே வைக்கவேண்டும். இல்லையேல் கசிந்து, தேவைப்படும் இரவில் டார்ச் அருங்காட்சியகப் பொருளாகிவிடும்.

எஞ்சியது தீப்பெட்டி. மெழுகுவர்த்தி அசையாப் பொருள். மேசை இழுப்பறையில் கிடக்கும். தீப்பெட்டியோ கேஸ் லைட்டர் வந்தபின் அடுப்படியில் குடியுரிமை இழந்து, பூஜை மாடத்துக்கும் கொசுவர்த்திச் சுருளுக்கும் இடையே நாடோடியாகத் திரிகிறது. இருட்டில் அதைத் தேட வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்துக்கு அதுவே வேண்டும். தத்துவத் துறையினர் இச்சிக்கலை எடுத்துக்கொள்ளலாம். மெழுகுவர்த்தியோடு சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் தீர்ந்தது என்று வேலைக்கு வரும் அம்மா ஒருவர் சொன்னார். மேற்கோள் காட்டத்தக்க பட்டம் எதுவும் அவரிடம் இல்லாமையால் இக்கருத்து ஏற்கப்படவில்லை.

தீர்ப்பு: சுவரில் துளையிட வீட்டுக்காரர் விடவில்லை, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் போர்ட்டபிள் ஏசி. மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல மின்விசிறியும் இன்வெர்ட்டரும் வாங்கலாம். எதை வாங்கினாலும் பில்லை அன்றே நகலெடுத்து வையுங்கள். அந்த வெப்பத்தாளில் எழுத்து உத்தரவாதக் காலத்துக்கு முன்பே மறைந்துவிடும். மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கு 1077. செல்போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜோடு எண்ணும் போய்விடும். சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.