ஸ்கொலசிப் அப்பா

சலூனில் மகனுக்குத் தலைமயிர் வெட்டும்போதுகூட ஸ்கொலசிப் அப்பாவின் வாய் சும்மா இராது. "தம்பி, கண்ணாடிக்குள்ளை மணிக்கூடு 4.10 காட்டுது. உண்மையிலை என்ன நேரம்?" கழுத்தில் துணி கட்டிய பிள்ளை ஆடாமல் அசையாமல் "7.50" என்கிறான். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு வெட்டுகிறவர் திரும்பிச் சுவரைப் பார்க்கிறார். அப்பாவோ கைபேசியைப் பார்க்கிறார். "பன்னிரண்டு செக்கன். பரவாயில்லை."

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் பகுதியில் 40 கேள்வி, 60 நிமிடம். கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று பரீட்சைத் திணைக்களம் தாராளமாகக் கொடுத்திருக்கிறது. இவர் கொடுப்பதில்லை.

உலகம் முழுவதும் இவருக்கு ஒரு மாதிரி வினாத்தாள். நல்லூரில் அர்ச்சனைக்கு நின்றால், "எங்களுக்கு முன்னாலை 17 பேர், பின்னாலை 12 பேர். நீ தனிய நிக்கிறாய் எண்டு வை. வரிசையிலை மொத்தம் எத்தினை பேர்?" முப்பது என்று பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது: "திருவிழா 25 நாள். கொடியேற்றம் செவ்வாய் எண்டால் தீர்த்தம் என்ன கிழமை?" திருவிழாவும் பரீட்சையும் பெரும்பாலும் ஆகஸ்டில் ஒன்றாக வந்து தொலைப்பதால், முருகனுக்குக்கூட அந்த மாதம் நிம்மதி கிடையாது.

செத்தவீடு ஒன்றில் நடந்ததுதான் உச்சம். அவருடைய பெரியம்மா காலமாகிவிட்டா. பிரேதம் நடுக்கூடத்தில். இவர் மகனின் காதுக்குள், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி: "இவவின்ரை ஒரே தங்கச்சியின்ரை ஒரே மகன் உனக்கு ஆர்?" ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி அழுகையை நிறுத்தி விரல் மடித்தா. "நீங்கள்தான் அப்பா" என்றான் பையன். அந்த இடத்தில் அவர் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்த்த அயலவர்கள் காணிப் பிரச்சினை ஏதும் தீர்ந்துவிட்டதோ என்று நினைத்திருப்பார்கள்.

விடிய ஒரு ரியூசன், பின்னேரம் ஒரு ரியூசன், ஞாயிறு கருத்தரங்கு என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், விடுங்கள். பரீட்சைக்குச் சில நாள் முன்னர் நள்ளிரவோடு வகுப்புகளுக்குத் தடை என்று திணைக்களம் அறிவிக்கும். இவர் சட்டத்தை மதிக்கிறவர். படலையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் நடத்துவார்.

ஒன்று சொல்லவேண்டும். 1995இல் போரால் இடம்பெயர்ந்தபோது அவரும் ஐந்தாம் வகுப்புத்தான். கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம்போத்தல் விளக்கில் படித்தவர். பழைய வினாத்தாள் ஒன்றைக் கையால் பார்த்தெழுதிப் படித்த கதையை அவர் சொல்லும்போது குரல் தணியும். விடிய நாலரைக்கு மகனுக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுப்பதும் அவர்தான், மனைவியை எழுப்பமாட்டார்.

அதற்காக விட்டுவிட முடியுமா? அந்நாள் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு 1940களில் வேரூன்றிய ஏற்பாடு இந்தப் பரீட்சை. நாட்டுப்புறத்து ஏழைப் பிள்ளையைக் கைதூக்கி மத்திய கல்லூரிக்குக் கொண்டுபோகத்தான் வந்தது. இன்று இரண்டு ரியூசனுக்குக் காசு கட்டக்கூடிய, உதவிப்பணம் தேவையே இல்லாத வீட்டுப் பிள்ளை, நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தின் வெட்டுப்புள்ளியைத் தாண்ட ஓடுகிறது. ரியூசனுக்கு வழியில்லாத பிள்ளையும் அதே மண்டபத்தில், அதே தாளோடு இருக்கிறது. இதில் பரிசு எங்கே, புலமை எங்கே? ஓடுகிற பிள்ளைக்கும் பத்து வயதுதான். அவன் மாலையில் பந்தடித்துக் கடைசியாக எப்போது கண்டேன் என்று எனக்கே நினைவில்லை.

முடிவு வருகிற அன்று அந்த வீட்டுப்பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேட்காதேயுங்கள். சாப்பிட்டியோ என்று கேளுங்கள். புள்ளியை அப்பா தானாகவே சொல்லுவார்.