ஒரு பாட்டில் தூசி

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டிக்கொண்டிருந்த பையன்களில் பாதிப் பேர், தெரிந்தோ தெரியாமலோ, கடத்தல் சரக்கின் வாடிக்கையாளர்கள். பர்மா பஜாரில் டேப் ரெக்கார்டருக்கும் மடக்குக் குடைக்கும் நடுவே, சென்ட் பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு ஏர்ஃபிக்ஸ் பெட்டி தலைகாட்டும். விலை கேட்டால் கடைக்காரர் முதலில் நம் சட்டையைப் பார்ப்பார். அப்புறம் கூட வந்த சித்தப்பாவின் வாட்சைப் பார்ப்பார். இரண்டையும் கூட்டி ஒரு தொகை சொல்வார். பெட்டி மூடியில் விமானம் நெருப்பைக் கக்கிக்கொண்டு மேகத்தைக் கிழித்து வரும். திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதன் ஓரமெல்லாம் பல்லிக்குட்டிகள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள். பெயிண்ட் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கத்தான் கடை கிடையாது.

நான் முதலில் ஒட்டியது ஃபோலண்ட் நாட், 1/72 அளவு. ஆறடி மனிதன் ஓரங்குலமாகச் சுருங்கும் கணக்கு அது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டுகளைத் துரத்தி ‘சேபர் ஸ்லேயர்’ என்று பெயர் வாங்கிய குட்டி விமானம், பெங்களூர் எச்.ஏ.எல். உரிமம் பெற்றுத் தயாரித்தது. பெட்டியில் இருந்ததோ பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டச் சின்னம். ஆகவே அதை இந்திய விமானப்படையில் சேர்க்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. காம்பஸால் நோட்டுத் தாளில் வட்டம் போட்டு, வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை என்று போஸ்டர் கலர் தீட்டி, மைதாப் பசையால் ஒட்டினேன். உடம்புக்கு, வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சில்வர் பெயிண்ட். கண்ணில் பட்ட நாலைந்து இடங்களில் அக்காவின் கியூடெக்ஸ். மத்தியானம் பெட்டியைப் பிரித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விமானம் தயாராகிவிடும். கொசுவலைக் கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஃபேனை இரண்டில் வைத்தால் போர் ஆரம்பம்.

அந்த விமானப்படைக்கு உண்மையான சேதம் ஒட்டடைக் கம்பால்தான் வந்தது. பண்டிகைக்குப் பண்டிகை அம்மா வீட்டைச் சுத்தம் பண்ணும்போது ஒரு சக்கரமோ மூக்கு நுனி ஊசியோ குப்பைக்கூடைக்குப் போகும். “இதுங்க மேல படியற தூசியத் துடைக்கவே தனியா ஒரு ஆள் போடணும்டா” என்பாள். விமானம் என்றால் பளபளவென்று இருக்க வேண்டும் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

சமீபத்தில் எங்கள் பக்கத்தில், ஒரு சமூகக் கூடத்தில் ஸ்கேல் மாடல் போட்டியும் கண்காட்சியும் வைத்திருந்தார்கள். நுழைந்ததும் ஒரு கடை. அங்கே தூசி விற்றார்கள்.

நிஜமாகவே தூசிதான். சின்னச் சின்ன பாட்டில்களில் ஐரோப்பியத் தூசி, வட ஆப்பிரிக்கத் தூசி என்று லேபிள் ஒட்டி, ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய். பக்கத்துத் தட்டில் துரு. அதிலும் பழைய துரு, புதுத் துரு என்று வகை பிரித்திருந்தார்கள். வெயில், மழை, எண்ணெய் ஒழுகல் எல்லாவற்றுக்கும் தனித்தனி பாட்டில். பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வருகிறதாம். இந்த வியாபாரத்தில் அந்த ஊர்க் கம்பெனிகளை அடிக்க ஆளில்லை என்றார் கடைக்காரப் பையன். கடற்காற்று வீசும் பெசன்ட் நகரில் ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்குத் துரு வாசலிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர்தான் எனக்கு முன்னால் நின்று இரண்டு பாட்டில் துரு வாங்கிக்கொண்டிருந்தார்.

கூடத்துக்குள் நீல விரிப்புப் போட்ட மேசைகள், மேசைக்கு மேசை ‘தொடாதீர்கள்’ பலகை. விமானம், டேங்க், கப்பல், கார், சிப்பாய்ச் சிலை, போர்க்களக் காட்சி என்று பிரிவுகள். நடுவர்கள் பேனா டார்ச் வைத்துக்கொண்டு விமானத்தின் அடிவயிற்றைக் குனிந்து பார்த்தார்கள். இரண்டு பாதி ஒட்டிய கோடு தெரிகிறதா, இறக்கை இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, கண்ணாடியில் கைரேகை இருக்கிறதா, டிகால் என்னும் ஒட்டுச் சின்னத்துக்கு அடியில் காற்று புகுந்து வெளுத்திருக்கிறதா. என் நாட் விமானத்தின் கண்ணாடியில் இருந்த கைரேகையை வைத்து போலீஸ் என்னைப் பிடித்திருக்கலாம்.

அங்கேயும் ஒரு நாட் இருந்தது. பளிங்கு மாதிரி கறுப்பு அடித்து, அதன் மேல் மூன்று விதமான உலோக நிறத்தை ஏர்பிரஷ்ஷால் தூவி, தகட்டுக்குத் தகடு பளபளப்பை மாற்றியிருந்தார் ஒருவர். பல வாரம் ஆனதாம். சின்னம் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி இறக்கும் டிகால். மேலே ஒரு திரவம் தடவினால் பிளாஸ்டிக்கோடு இழைந்து பள்ளக் கோடுகளுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நோட்டுத் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். 72-ஆல் பெருக்கினால் ஏழு மில்லிமீட்டர். நான் பறக்கவிட்ட விமானத்தின் இறக்கையில் தேசச் சின்னம் பிளைவுட் கனத்தில் நின்றிருக்கிறது. நிறத்தைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1965-ல் நாட் விமானங்கள் பெரும்பாலும் வெள்ளி நிறத்தில்தான் பறந்தன. நாலடி தள்ளி நின்று பார்த்தால் அவருடைய மூன்று உலோக நிறமும் எங்கள் வீட்டு கேட்டும் ஒன்றுதான். இதை அவரிடம் சொல்லவில்லை. அவர் வேறொருவரிடம், காவியின் சாயல் ஒரு பிடி கூடிவிட்டதா என்று வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்.

டேங்க் மேசையில் அதைவிடப் பெரிய வழக்கு. ஒரு சக்கரத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர் கூட என்று ஒரு கோஷ்டி. எல்லாம் 1/35 அளவு. இந்த 1/35 எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டேங்க் ஒன்றை விட்டது. உள்ளே பேட்டரி அடங்க வேண்டும். அதற்கேற்ற உடம்பு வைத்தார்கள். பிற்பாடு அளந்து பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. அப்படியே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. பேட்டரி போட்டுவைத்த அளவுகோலுக்குத்தான் இந்த அரை மில்லிமீட்டர் சண்டை.

யாரிடம் பேசினாலும் இன்னொன்றும் தெரிந்தது. “இப்ப என்ன கட்டிக்கிட்டிருக்கீங்க?” என்று ஒருவரைக் கேட்டேன். “என்ன வாங்கியிருக்கேன்னு கேளுங்க சார், சொல்றேன்” என்றார். பரண் நிறையப் பிரிக்காத பெட்டிகளாம். ரிட்டயர் ஆனதும் கட்டலாம் என்று சேர்த்தது. ரிட்டயர் ஆகிச் சில வருஷம் ஆகிவிட்டது. ஓரத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் பாண்டாய் கம்பெனியின் கன்டம் ரோபோக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அதற்குக் கோந்தும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். விரலால் அழுத்தினால் கவ்விக்கொள்கிறது. அதெல்லாம் மாடலே இல்லை என்பது பெரியவர்கள் கட்சி. ஆனால் அந்தக் கூடத்தில், செய்ததைக் கையில் எடுத்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

சாயங்காலம் பரிசு அறிவித்தார்கள். டேங்க் பிரிவில் இரண்டாம் பரிசு ஒரு டி-72-க்கு. கட்டியவர் ஐ.டி. கம்பெனி இளைஞர். நம் ராணுவத்தின் ‘அஜேயா’வாக அதை மாற்றியிருந்தார். சக்கரத்தில் ராஜஸ்தான் மணல், இடது பக்கம் சைலன்சரைச் சுற்றித் துரு, அதற்கு மேல் கரி, மூடிகளின் ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்து தெரியும் இரும்பு. அபாரமான கை. அதை எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். நிஜ அஜேயா உருவாகி வந்த இடம் அது.

“தம்பி, வேலை பிரமாதம். ஆனா இந்தக் கோலத்துல ஒரு வண்டிகூட எங்க கேட்டத் தாண்டினதில்ல. துருவா? விட்ருவமா நாங்க?”

“இது லைன்ல ஓடி வந்த வண்டி சார். வெதரிங்னு சொல்லுவோம்.”

“சரி, நாங்க அனுப்பினப்ப எப்படி இருந்துச்சோ, அந்த மாதிரி ஒண்ணு செய்யேன். புத்தம் புதுசா.”

இளைஞர் சங்கடத்தோடு சிரித்தார். “அப்படிச் செஞ்சா ஜட்ஜுங்க பொம்மை மாதிரி இருக்குன்னு சொல்லிடுவாங்க சார்.”

பெரியவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “அப்ப நாங்க அத்தனை வருஷம் அங்க பொம்மையா பண்ணிக்கிட்டிருந்தோம்?”